பங்குக் கிணற்றுக்கு வெயில் வேண்டி

அனுப்புநர்:
திருமதி ஞானாம்பிகை தில்லைநாதன்,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
பூவரசடி ஒழுங்கை,
கலட்டிப்புலம்,
நெல்லியடி வழியாக.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கலட்டிப்புலம் பிரதேச சபை.

பொருள்: பூவரசடிப் பங்குக் கிணற்றடியில் உள்ள நீர் சுத்திகரிப்பு மேடைக்கு மேல் போடப்பட்ட கூரையை அகற்றித் தருதலும், அதுவரை கிணற்றை மூடும் தீர்மானத்தை நிறுத்தி வைத்தலும்.

தொடர்பு: தங்கள் அலுவலகத்தின் 21.02.2025ஆம் திகதிய கடிதம்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இக்கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சாதாரணத் தபாலில் அனுப்பிய முன்னைய கடிதம் அலுவலகத்துக்கு வந்துசேரவில்லை என்று தங்கள் முன்மேசையில் சொன்னார்கள். உத்தியோக காலம் முழுவதையும் தபாற்கந்தோரில் கழித்தவள் நான். கடிதங்கள் எங்கே காணாமற்போகும், எங்கே போகாது என்பது எனக்கு ஓரளவு தெரியும். பழியைத் தபாற்கந்தோரின் தலையில் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு விடயத்துக்கு வருகிறேன்.

2. தாங்கள் மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகின்றன. ஆகவே பங்குக் கிணறு என்றால் என்னவென்று சில வரிகள் எழுதுவது மரியாதைக் குறைவாகாது என நம்புகிறேன். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கிணற்றுத் தண்ணீரில்தான். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்காக வைத்திருப்பது இங்கே பழைய வழக்கம். காணி உறுதி எழுதும்போது கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் சேர்த்தே எழுதுவார்கள். பூவரசடிக் கிணற்றுக்கு ஐந்து பங்காளர். ஒவ்வொருவருக்கும் கிழமையில் ஒரு நாள் முறை. முறைக்காரரின் நாளில் கிணறும் கிணற்றடியும் அவர் பொறுப்பு. இறைப்பதும் திருத்துவதும் துப்புரவாக்குவதும் அவர் சொற்படி நடக்கும். குடிக்க அள்ளுவதற்கு மட்டும் எவருக்கும் எந்நாளும் தடை இல்லை. எனக்குச் செவ்வாய். அயலவர் திரு. ஆழ்வாப்பிள்ளை அவர்களுக்கு வியாழன். எல்லைவேலிக்காகச் சண்டைபிடித்து வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த பங்காளர்கள்கூட, ஒருவர் முறைக்குள் மற்றவர் கைவைத்ததில்லை.

3. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எங்கள் கிணறு என் பாட்டனார் காலத்துக்கும் முன்னால் வெட்டப்பட்டது. பூதம் அண்மையில்தான் புறப்பட்டது. ஒழுங்கைக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணை வந்தது. குஞ்சுகளுக்கு வருத்தம் வந்தபின் மருந்து கொடுப்பது போதாதென்று, வருத்தம் வராமலிருக்கவும் அன்ரிபயோற்றிக் மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். கோழி தின்ற மருந்தில் பெரும்பங்கு எச்சத்தோடு வெளியே வரும். அந்த எச்சத்தை வெறும் நிலத்தில் தோண்டிய குழியில் குவித்தார்கள். எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்கு யாரையும் கேளாமல் போகும். மாரி மழை பெய்தபோது மருந்தும் கூடவே போயிற்று. இது பற்றி நாங்கள் கொடுத்த முறைப்பாட்டின்பேரில் தங்கள் அலுவலகம் பண்ணைக் குழிக்குச் சீமெந்துத் தளம் போடுவித்தது. அதற்கு இப்போதும் நன்றி சொல்கிறோம். ஆனால் ஏற்கனவே நிலத்துக்குள் இறங்கியதை எவராலும் திருப்பி அள்ள முடியாது.

4. என் மகள் துஷாந்தினி என்னோடு இருக்கிறாள். மருமகன் கிருஷாந் வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். சரக்குக் கப்பலில் வேலை. 2023ஆம் ஆண்டு மகள் முதற்பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தபோது சிறுநீரில் கிருமித்தொற்று வந்தது. கர்ப்ப காலத்தில் பெண்களுக்கு வருவதுதான், குளிசையில் மாறிவிடும் என்றார்கள். மாறவில்லை. வேறு குளிசை மாற்றினார்கள். அதற்கும் கேட்கவில்லை. காய்ச்சல் ஏறி, ஆதார வைத்தியசாலையில் ஊசிமருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் குறைமாதத்தில் பிரசவமாயிற்று. ஆண்பிள்ளை. அழவில்லை.

வைத்திய நிபுணர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "அம்மா, உங்கடை மகளின்ரை கிருமிக்கு இந்த மருந்தெல்லாம் முதலே பழகிப்போச்சு. அதுதான் கேக்குதில்லை" என்றார். அவள் அந்த மருந்துகளை அதற்கு முன் எடுத்ததேயில்லையே, பிறகு எப்படிப் பழகியது என்று கேட்டேன். கிருமிக்குப் பல வழி இருக்கிறது, தண்ணீரும் ஒரு வழியாக இருக்கலாம், ஆனால் தண்ணீர்தான் என்று தன்னால் கையெழுத்து வைக்க முடியாது என்றார். நியாயமான மனிதர். ஆகவே நானும் தண்ணீர்தான் காரணம் என்று இம்மனுவில் எழுதவில்லை. என் மனதில் என்ன இருக்கிறது என்பது வேறு விடயம்.

5. அந்த நாட்களில் பல்கலைக்கழகத்து இரசாயனவியல் விரிவுரையாளர் கலாநிதி மர்ழியா றிம்ஸான் வடமராட்சிக் கிணறுகளில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டு வந்தார். அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்தவர்கள். 1990இல் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து வெளியேற்றப்பட்டவர்கள். அவர் புத்தளத்தில் பிறந்து, அங்கே படித்து, இங்கே வேலைக்கு வந்தவர். எங்கள் கிணற்றில் ஒக்சிரெற்றாசைக்கிளின் என்ற மருந்தின் எச்சம் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன என்று கேட்டோம். கொதித்தால் கிருமி சாகும், மருந்தின் மிச்சம் முழுவதும் போகாது, அந்த மிச்சத்தில்தான் புதுக் கிருமி மருந்துக்குப் பழகும் என்றார். இவ்வளவு கிணறு இருக்க எங்கள் கிணற்றில் ஏன் இத்தனை கரிசனை என்று ஒருநாள் கேட்டேன். "எங்கடை வீட்டுக் கிணத்தைப் பாக்க ஆசைப்பட்டுத்தான் முதல் வந்தனான் அன்ரி. அதை மண் போட்டு மூடிப்போட்டினம். இருக்கிறதையாவது பாப்பம்" என்றார்.

6. சென்ற ஆண்டு சித்திரையில் அவரும் அவருடைய மாணவர்களும் எங்கள் கிணற்றடியில் ஒரு மேடை அமைத்தார்கள். சரிவான சீமெந்து மேடை; அதன்மேல் வரிசையாக ஓடுகள்; ஓடுகளின்மேல் மங்கல் மஞ்சளில் ஒரு பூச்சு. சூரிய மின்தகட்டில் ஓடும் சிறிய பம்பி கிணற்றுத் தண்ணீரை மேடையின் தலைப்பில் விடும். தண்ணீர் மெல்லிய படலமாக ஓடுகளின்மேல் வழிந்து தொட்டிக்கு வந்து, மறுபடி மேலே ஏறும். பகல் முழுவதும் இப்படிச் சுற்றிய பிறகு மணலும் கரியும் போட்ட வடியினூடாகப் போகும். பின்னேரத்தில் நாங்கள் குடம் வைப்போம்.

வேலை செய்வது அந்தப் பூச்சுத்தான். தாங்கள் தங்கள் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன். அது இரண்டு தூள் சேர்ந்த கூட்டுப்பொருள். ஒன்று சுவர்ப்பூச்சில் வெள்ளை நிறத்துக்குப் போடும் தைத்தேனியம் ஈரொக்சைட்டு. மற்றது யூரியாவைச் சூளையில் சுட்டு எடுக்கும் மஞ்சள் தூள். தோட்டத்துக்குப் போடும் அதே யூரியா. வெயில் பட்டதும் இந்தப் பூச்சுக்கு ஒரு வேகம் பிறக்கும். அந்த வேகத்தில் தண்ணீரிலுள்ள மருந்தைத் துண்டு துண்டாக உடைக்கும். வெள்ளைத் தூளுக்கு வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பகுதி மட்டுமே பயன்படும். மஞ்சள் தூள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் பிடிக்கும். தனித்தனியே விட்டால் பிடித்த வேகம் வீணாகிவிடும். சேர்த்துவிட்டால் ஒன்று பிடித்ததை மற்றது வாங்கிக்கொள்ளும். துலா மிதிக்க ஒருவரும் பட்டை பிடிக்க ஒருவரும் நின்று இறைத்தது போல என்று நான் சொன்னேன். மர்ழியா சிரித்துவிட்டு, அடுத்த வகுப்பில் இப்படியே சொல்லப்போவதாகச் சொன்னார்.

உடைந்த துண்டுகள் தீங்கில்லாமல் போகின்றனவா என்பதை அவர் நம்பிக்கையில் விடவில்லை. மாதந்தோறும் போத்தலில் தண்ணீர் எடுத்துச் சென்று சோதித்தார். ஆவணி வரையான எல்லாச் சோதனையிலும் மருந்து எச்சம் கருவியில் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அறிக்கைகள் தங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டன.

7. அந்த மாதங்களில் மகளுக்குத் தொற்று எதுவும் வரவில்லை. மேடையால்தான் வரவில்லை என்று சொல்ல நான் விஞ்ஞானி அல்ல. வரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். புரட்டாதியில் அவள் மறுபடி கர்ப்பமானாள். அதே மாதம் கலாநிதி மர்ழியா ஜப்பானில் ஓராண்டு ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் போனார்.

8. இனிக் கூரையின் கதை. இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இது.

திரு. ஆழ்வாப்பிள்ளை அவர்களின் மனைவி பாலேஸ்வரி சென்ற வருடத் தொடக்கத்தில் காலமானார். எனக்கு அவர் உடன்பிறவா அக்கா. மகளின் முதற்பிள்ளையை நாங்கள் இழந்த கிழமையில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அவர் கையால்தான். அவர் பெயரில் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கனடாவிலுள்ள மகன் விரும்பினார். எங்கள் ஊரில் பஸ் தரிப்பிடம், மடம், சுடலைக் கொட்டகை என்று நிழல் தரும் எதைப் பார்த்தாலும் யாரோ ஒருவரின் ஞாபகார்த்தமாகத்தான் இருக்கும். ஆழ்வாப்பிள்ளை அண்ணை யோசித்துப் பார்த்தார். ஊரிலேயே விலைமதிப்பான பொருள் ஒன்று கூரையில்லாமல் கிடந்தது. "தங்கச்சி, உவ்வளவு பெறுமதியான சாமான் வெயிலுக்கை கிடந்து காயுது. பாலேஸ் இருந்திருந்தா விட்டிருப்பாளோ?" என்று என்னிடமே ஒருமுறை சொன்னார். அது வெயிலில் கிடக்க வேண்டிய சாமான் என்று நானும் சொன்னேன். அவர் தலையசைத்தார். தலையசைப்பதெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதை என் உத்தியோகம் எனக்குக் கற்றுத் தந்திருந்தும் நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

9. ஐப்பசியில் தங்கைக்குச் சத்திரசிகிச்சை என்று நான் மகளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய் நின்றேன். அந்தக் கிழமை வியாழனன்று, அதாவது ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் முறை நாளில், கூரை ஏறிவிட்டது. அவருடைய முறை என்றபடியால் மற்றைய பங்காளர் எவரும் வாய்திறக்கவில்லை. தங்கள் சபை தூண்களையும் மேற்பார்வையையும் தந்தது. தூணில் கறுப்புக் கல்லில் பெயர் பொறித்துப் பதித்து, நாடா வெட்டி, ஒழுங்கைக்கு எல்லாம் மோதகம் கொடுத்தார்களாம். எங்கள் பங்கையும் எடுத்து வைத்திருந்து தந்தார்கள். நல்ல கூரை, ஐயா. வேலையில் குறை சொல்ல முடியாது. இலை விழாது, காகம் எச்சமிடாது, தூறல் படாது. வெயிலும் படாது.

10. வெயில் வேண்டும் என்று மர்ழியா பலமுறை சொல்லியிருந்தாரே, ஒருவருக்கும் நினைவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். எல்லோருக்கும் நினைவிருந்தது. அதனால்தான் பம்பியை ஓட்டும் சூரிய மின்தகட்டைக் கழற்றி, கவனமாகக் கூரையின் உச்சியில் பூட்டினார்கள். வெயில் வேண்டியது தகட்டுக்கு என்றே அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். சூரிய சக்தி என்றால் கண்ணாடித் தகடு என்றுதானே எல்லோரும் பழகியிருக்கிறோம்; பூசிய ஓடும் வெயில் குடிக்கும் என்று யார் கண்டது? தகடு உயரத்துக்குப் போனதும் பம்பி முன்னையிலும் நன்றாக ஓடியது. தண்ணீர் நிழலில் அழகாகச் சலசலத்து ஓடியது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் முன்னேற்றம் என்றார்கள். மேற்பார்வை செய்த தொழினுட்ப உத்தியோகத்தர் திரு. ஜெயதீபனிடம் நான் போய்ச் சொன்னபோது, "அன்ரி, வெயில் வேணும் எண்டபடியாத்தானே பனலை மேலை ஏத்தி விட்டனாங்கள்" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தந்த காகிதத்தில் 'சூரிய ஒளியில் இயங்கும் சாதனம்' என்றுதான் இருந்தது.

11. மர்ழியாவுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே குரற்பதிவு வந்தது. "ஐயோ அன்ரி, கூரையோ போட்டவை? வெயில் படாட்டி அது வெறும் ஓடுதானே! கெதியாக் கழட்டச் சொல்லுங்கோ." அவர் தங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பினார். அப்போதிருந்த செயலாளர் மாற்றலாகிக்கொண்டிருந்தார். திரு. ஜெயதீபனும் வேறு சபைக்கு மாற்றலானார். நான் நேரில் வந்தபோது, கூரை இப்போது சபையின் சொத்துப் பட்டியலில் ஏறிய ஆதனம் என்றும், ஆதனத்தை அகற்றுவதானால் மதிப்பீட்டுக் குழு கூடி, பாவனைக்கு உதவாது என்று சான்றிதழ் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். கூரையோ புத்தம் புதிது. பாவனைக்கு உதவாது என்று எந்தக் குழு எழுதும்? அது பழுதாகும்வரை காத்திருக்கும்படி எனக்கு எவரும் சொல்லவில்லை. ஆனால் விதியைப் படித்தால் அதுதான் பொருள்.

12. மார்கழியில் மகளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. அதே தொற்று. குளிசையைப் பற்றி இம்முறை எவரும் கதைக்கவில்லை, நேரே ஊசிமருந்துதான். வைத்தியசாலையில் பதினொரு நாள் கிடந்தாள். பிள்ளை தப்பிவிட்டது. விடுதியில் கட்டிலில் கிடந்தபடி அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மா, கூரையைக் கழட்டிப்போட்டினமோ?" ஓம் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணி வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

13. தை மாதத்தில் சுகாதாரப் பகுதியினர் எடுத்த தண்ணீர் மாதிரியில் மருந்து எச்சம் பழைய அளவுக்கே ஏறியிருந்தது. மாரிக் காலத்து முகிலும் ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் முகில் கலைந்துவிட்டது, கூரை கலையவில்லை. அந்த அறிக்கையை வைத்துத்தான் தங்கள் 21.02.2025ஆம் திகதிய கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. 'சாதனம் பயனளிக்கவில்லை என்பதால் 24.03.2025 அன்று அகற்றப்பட்டு, கிணறு மூடி முத்திரையிடப்பட்டு, பவுசர் வண்டி மூலம் நீர் வழங்கப்படும்' என்று அதில் இருக்கிறது.

ஐயா, சாதனம் பயனளித்தது. அதற்கு மேல் போட்ட சாதனம்தான் பயனளிக்கவில்லை. கூரையை வைத்துக்கொண்டு மேடையை அகற்றுவதாகத் தங்கள் கடிதம் சொல்கிறது. மாறிச் செய்யும்படி கேட்கிறேன்.

14. பவுசர் பற்றியும் ஒரு சொல். பக்கத்து ஒழுங்கைக்குச் சென்ற கோடையில் பவுசர் வந்தது. வந்த நாளில் வந்தது. ரயர் பழுது, சாரதி லீவு, டீசல் இல்லை என்று வராத நாட்களில் அவர்கள் எங்கள் கிணற்றுக்குத்தான் குடத்தோடு வந்தார்கள். எங்கள் கிணற்றை மூடினால் இரண்டு ஒழுங்கையும் எங்கே போகும் என்பதைத் தங்கள் கடிதம் சொல்லவில்லை. மகளுக்கு இப்போது குடிக்கக் கடைத் தண்ணீர்தான் கொடுக்கிறேன். ஆனால் சமையலும் குளிப்பும் துவைப்பும் கிணற்றில்தான். பிரசவ வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைத் தங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சொல்லுவார்கள்.

15. ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கும் எனக்கும் இப்போது கதை இல்லை. கூரையைக் கழற்ற வேண்டும் என்று நான் வேலியடியில் நின்று கேட்டபோது அவருடைய முகம் போன போக்கு எனக்கு மறக்காது. "அவளின்ரை பேரிலை போட்டதைக் கழட்டச் சொல்லுறியளோ தங்கச்சி? நீங்களோ சொல்லுறியள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். பாலேஸ்வரி அக்கா உயிரோடிருந்தால் அவரே ஏணி கொண்டுவந்திருப்பார் என்று சொல்லியிருக்கலாம். இறந்தவர்களின் வாயில் நமக்கு வசதியான சொல்லை வைப்பது எனக்குப் பிடிக்காது. அந்த மனிதரைப் புண்படுத்தியது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆனாலும் கேட்டதைத் திருப்பி எடுக்க மாட்டேன்.

16. தபாற்கந்தோரில் இருந்த காலத்தில், எழுதத் தெரியாதவர்களுக்காக நான் எத்தனையோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இடம்பெயர்ந்து வந்தவர்கள், ஷெல் விழுந்து வீடிழந்தவர்கள், கடற்கோளில் வள்ளமும் வளவும் இழந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: தகரம் தாருங்கள், கூரை தாருங்கள். கூரையைக் கழற்றித் தாருங்கள் என்று நான் எழுதும் முதல் மனு இதுதான். தங்கள் கந்தோருக்கு வந்த மனுக்களிலும் இதுவே முதலாவதாக இருக்கும். அதனால் இதை எந்தக் கோவையில் போடுவது என்று தங்கள் எழுதுவினைஞர்கள் திகைக்கக்கூடும். நீர் வழங்கல் கோவையில் போடும்படி ஆலோசனை சொல்கிறேன்.

17. ஆகவே நான் கேட்பவை இவை:

(அ) கூரையை அகற்ற அனுமதி. மதிப்பீட்டுக் குழு கூடும்வரை காத்திருக்க எங்களுக்கு அவகாசமில்லை. 'அகற்றல்' என்ற சொல் இடைஞ்சலானால் 'இடமாற்றம்' என்று எழுதலாம். ஒழுங்கை முகப்பில் முன்பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்காக வெட்ட வெயிலில் நிற்கிறார்கள். கூரையும் பாலேஸ்வரி அக்காவின் பெயர்க்கல்லும் அங்கே போனால் இரண்டுக்கும் பொருத்தமான இடம்.

(ஆ) சூரிய மின்தகட்டை மேடையின் பக்கத்தில் முன்பிருந்த கம்பத்திலேயே பூட்டித் தருதல்.

(இ) கூரை போனபின் மூன்று நல்ல வெயில் நாள் விட்டு மறுபடி தண்ணீர் மாதிரி எடுத்தல். மூன்று நாள் போதும் என்று கலாநிதி மர்ழியா நேற்று நோன்பு திறந்த கையோடு தொலைபேசியில் சொன்னார். ஓடுகளில் பாசி பிடித்திருந்தால் நல்ல தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும், தும்பு போட்டுத் தேய்த்தால் பூச்சுப் போய்விடும் என்றும் சொன்னார். அவருடைய துறையிலுள்ள இன்னொருவர் மாதிரி எடுக்க வரச் சம்மதித்திருக்கிறார். அந்த அறிக்கையிலும் மருந்து எச்சம் இருக்குமானால், கிணற்றை மூட வருபவர்களுக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

(ஈ) அந்த அறிக்கை வரும்வரை 24ஆம் திகதி நடவடிக்கையை நிறுத்தி வைத்தல்.

18. மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். முதற்பிள்ளை போனதும் ஏழாம் மாதத்தில்தான். அவள் காலையில் எழுந்ததும் கிணற்றடிப் பக்கத்து யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி சாத்திவிட்டுப் போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. மனுவில் இப்படி எழுதும் வழக்கம் இல்லை என்பது தெரியும். வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை.

19. எதிர்வரும் 18.03.2025 செவ்வாய்க்கிழமை பூவரசடிக் கிணற்றில் என் முறை. செவ்வாய் வெறுவாய் என்று எங்கள் ஊரில் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். கழற்றுவதற்கு அந்தத் தடை இல்லை என்று நினைக்கிறேன். அன்று காலை இரண்டு பேர் ஏணியோடு வருவார்கள். தங்கள் அனுமதி அதற்கு முன் கிடைத்தால், கூரை தங்கள் உத்தரவின்படி இறங்கியதாகும். கிடைக்காவிட்டால், அது முறைக்காரியின் பொறுப்பில் இறங்கியதாகும். வியாழன் முறையில் ஏறலாம் என்றால் செவ்வாய் முறையில் இறங்கலாம். எந்த வகையிலானாலும் ஒரு தகரமும் நெளியாமல், ஒரு ஆணியும் குறையாமல் அடுக்கி வைக்கப்படும். சபையின் ஆதனத்தைப் பொறுப்பேற்க ஓர் உத்தியோகத்தரை அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வழக்குப் போடுவதானால் என் பெயரில் மட்டும் போடவும். மற்றைய பங்காளருக்கு இதில் சம்பந்தமில்லை.

20. வெயில் சபை தர வேண்டிய பொருள் அல்ல. மறைக்காமல் விட்டாற்போதும். அதற்குத் தாங்கள் ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு கையெழுத்திடுகிறேன்.

இடம்: கலட்டிப்புலம்
திகதி: 10.03.2025

இவ்வண்ணம்,
ஞானாம்பிகை தில்லைநாதன்
(செவ்வாய் முறைப் பங்காளர், பூவரசடிக் கிணறு)

பிரதிகள்:
1. சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்: தகவலுக்காக.
2. கலாநிதி மர்ழியா றிம்ஸான்: வட்ஸ்அப் மூலம்.
3. திரு. ஆழ்வாப்பிள்ளை அவர்கள்: வேலிக்கு மேலால், என் கையால். பெயர்க்கல் பதித்த தூணைச் செவ்வாயன்று எவரும் தொடமாட்டார்கள், அண்ணை. அதை நீங்கள் வந்து உங்கள் கையால் கழற்ற வேண்டும். மத்தியானம் வரைக்கும் காத்திருப்போம். வராவிட்டால் அந்தத் தூண் அங்கேயே நிற்கட்டும். ஒரு தூணின் நிழலை எங்கள் தண்ணீர் தாங்கும்.